ஊறாத மீன்

ஜெகதாப்பட்டினத்தில் கரையேறிய பாறை மீன் அறந்தாங்கி வந்து, எங்கள் அப்பத்தாவின் அரிவாள்மணைக்கு முன்னால் கிடக்கும்போது நன்றாக விடிந்திருக்கும். சாம்பல் தொட்டுச் செதில் சீவி, செவுளைப் பிடுங்கி, துண்டு போட்டு, மண்சட்டியில் கல்லுப்புத் தூவி அப்பத்தா அலசும். பிறகு கொதிக்கிற புளிக்கரைசலில் இன்னும் கொஞ்சம் கல்லுப்பு விழும். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது ஏழெட்டு வயது.

"ஏன் அப்பத்தா, இது உப்புத் தண்ணியிலயேதானே கெடந்துச்சு? அப்புறம் எதுக்கு உப்பு?"

"கெடந்துச்சுடா. ஊறலையே!"

அதோடு பேச்சு முடிந்தது. படித்து, பாடம் நடத்தி, பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மீன் பிறந்ததும் வளர்ந்ததும் அதில்தான். ஆனாலும் 100 கிராம் பச்சை மீன் சதையில் நாக்குக்கு உறைக்கும் சோடியம் 0.1 கிராம்கூட இருப்பதில்லை. சமையல் உப்பாகக் கணக்கிட்டால் கால் கிராம் தேறும். நாம் சாப்பிடும் குழம்பின் உப்புக்கு அது எந்த மூலைக்கும் காணாது. அதே பாறை மீன் கருவாடாகி வந்தால் நாக்கில் வைக்க முடியவில்லை. கடலில் வாழ்நாள் முழுக்கக் கிடந்தும் ஏறாத உப்பு, கரைக்கு வந்து ஒரே ராத்திரியில் எப்படி ஏறியது?

சுவர் இல்லாத பை

மீனும் நாமும் ஆடுமாடும் செல்களால் ஆனவர்கள். செல் என்பது உப்பும் புரதமும் கரைந்த நீரை உள்ளே வைத்துக் கட்டிய மிகச் சிறிய பை. செடியின் செல்லுக்கு இந்தப் பைக்கு வெளியே விறைப்பான ஒரு சுவரும் உண்டு. விலங்குச் செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது. மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றே அதற்கு எல்லை. அந்தப் படலத்தின் பெயர் சவ்வு.

சவ்வு ஆள் பார்த்து வழிவிடும். தண்ணீர் அதில் தாராளமாகப் போய்வரும். உப்பு எளிதில் போக முடியாது. தண்ணீர் போவதற்கென்றே பல செல்களின் சவ்வில் தனிப் புரத வாசல்கள் இருக்கின்றன. 1992-இல் பீட்டர் ஆகர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் இவற்றை அடையாளம் கண்டார்கள். அதற்காக ஆகருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு வாசல் வழியே ஒரு நொடியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் போகின்றன. நம் ஊர்க் கண்மாய்களில் குமிழிக் கல்லுக்கு அடியில் மடை இருக்கிறதே, அதுபோல நினைத்துக்கொண்டு இவற்றை 'நீர்மடை' என்று சொல்லலாம்.

ஆனால் கண்மாய் மடையில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும். செல்லின் மடைக்கு மேடு பள்ளம் கணக்கில்லை. சவ்வின் இரண்டு பக்கமும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டிக்கொண்டும் இங்குமங்கும் கடந்துகொண்டும் இருக்கின்றன. ஒரு பக்கம் உப்பு கூடுதலாக இருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து மடைக்கு வரும் நீர் குறைகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது குறைவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகர்ந்திருக்கும். இதுதான் சவ்வூடு பரவல்.

இதை முதலில் கண்ணால் கண்டு எழுதியவர் பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் நொல்லே. 1748-இல் அவர் ஒரு குப்பியில் சாராயத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டித் தண்ணீரில் முக்கி வைத்தார். சில மணி நேரத்தில் தோல் பந்துபோல் புடைத்துக்கொண்டது.

மூன்று சோதனைக் குழாய்கள்

இனி ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். இரத்தச் சிவப்பணுவைப் போல இதற்கு வாகான செல் வேறு இல்லை. ஒரு சொட்டு இரத்தத்தில் சுமார் 25 கோடி சிவப்பணுக்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் நடுவில் கட்டைவிரலால் அழுத்திய அதிரசம்போல இருக்கும். அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

மூன்று கண்ணாடிக் குழாய்கள். முதலாவதில் 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்புக் கரைத்த நீர். இரண்டாவதில் வெறும் வாலை வடிநீர். மூன்றாவதில் 100 மில்லிக்கு 3 கிராம் உப்பு, ஏறத்தாழக் கடல்நீர். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு இரத்தம் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். குழாய்களுக்குப் பின்னால் கருப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாள்.

முதல் குழாய் ரோஸ்மில்க்போல கலங்கலாக இருக்கும். பின்னால் இருக்கும் கோடு தெரியாது. சிவப்பணுக்கள் முழுசாக மிதந்து ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். அணுவின் உள்ளே எந்த அளவு அடர்வோ, வெளியேயும் அதே அளவு. நீர் போவதும் வருவதும் சரிக்குச் சரி. இது ஒத்த செறிவுக் கரைசல்.

இரண்டாவது குழாயைப் பாருங்கள். சில நொடிகளிலேயே கலங்கல் மறைந்து, நன்னாரி சர்பத்போல தெளிந்த சிவப்பு வந்துவிடும். பின்னால் கோடு பளிச்சென்று தெரியும். இங்கே வெளியே உப்பே இல்லாததால் நீர் உள்ளே பாய்கிறது. அதிரசம் உருண்டு பந்தாகிறது. சுவர் இருந்திருந்தால் தாங்கியிருக்கும். இல்லாததால் படலம் கிழிந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் வெளியே கொட்டிக் கரைந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் தெளிவு இருபத்தைந்து கோடி செல்களின் சாவு. இது குறை செறிவுக் கரைசல். இரத்தக் குழாயில் வெறும் தண்ணீரை ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து என்பது இதனால்தான்.

மூன்றாவது குழாயில் அணுக்கள் உடைவதில்லை. உள்நீரை இழந்து, விளிம்பெல்லாம் முள் முளைத்து, நெருஞ்சிக் காய்போல சுருங்கிக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மனசு சங்கடப்படும். இது மிகை செறிவுக் கரைசல்.

இந்தப் பழைய சோதனை இன்றும் நம் நாட்டு ஆய்வகங்களில் உயிர் காக்கும் வேலை செய்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயைச் சுமப்பவர்களை முதல் கட்டமாகக் கண்டறிய 0.36 சதவீத உப்புநீரில் ஒரு துளி இரத்தம் விட்டு அரைமணி நேரம் வைக்கிறார்கள். மற்றவர்களின் சிவப்பணுக்கள் அதில் ஊதி உடைந்துவிடும், கோடு தெரியும். நோயைச் சுமப்பவரின் அணுக்களில் ஹீமோகுளோபின் குறைவு. பாதி நெல் போட்ட சாக்குபோல அவை தொளதொளவென்று இருப்பதால் நீர் வந்தாலும் இடம் கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். கலங்கல் மாறாது, கோடு மறைந்தே இருக்கும். அப்படியானால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குழாயும் ஒரு கோடும் இருந்தால் போதும். இந்த எளிமை எனக்கு இன்றும் வியப்பு.

தலையை எண்ணும் கணக்கு

மருத்துவமனையில் எந்த பாட்டில் ஏற்றினாலும் நம் ஊரில் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்றுதான் சொல்வோம். பாதி நேரம் அது குளுக்கோஸே இல்லை. முதல் குழாயில் பார்த்த அதே 0.9 சதவீத உப்புநீர். அரை லிட்டர் பாட்டிலில் நாலரை கிராம் உப்பு. இந்த அளவை 1880-களில் டச்சுக்காரரான ஹாம்பர்கர் சிவப்பணுக்களை வைத்தே கண்டுபிடித்தார்.

உண்மையிலேயே குளுக்கோஸ் பாட்டிலாக இருந்தால் அதில் 5 சதவீதம் என்று எழுதியிருக்கும். உப்புக்கு 0.9 என்றால் சர்க்கரைக்கு ஏன் 5?

கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாத மொய்விருந்தில் இலை போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வருகிறவர் குண்டா ஒல்லியா என்று அவர் பார்ப்பதில்லை. தலையை எண்ணி இலை போடுவார். சவ்வூடு பரவலும் அப்படித்தான். கரைந்திருக்கும் துகள்களின் எடையை அது பார்ப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது. குளுக்கோஸ் மூலக்கூறு கனமானது. உப்போ லேசானது, தண்ணீரில் விழுந்ததும் சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தும் விடும். அதனால் 5 கிராம் குளுக்கோஸில் இருக்கும் தலைகளும் 0.9 கிராம் உப்பில் இருக்கும் தலைகளும் கிட்டத்தட்ட ஒன்று.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நண்டு வரும்போது தேவைப்படும்.

நடுக்கடலில் தாகம்

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு ஏறுகிறவர்கள் ஐஸ், டீசலோடு குடிதண்ணீர் கேன்களையும் மறக்காமல் ஏற்றுவார்கள். சுற்றிலும் பாக் நீரிணை, குடிக்க ஒரு சொட்டு ஆகாது. நம் சிறுநீரகத்தால் சுமார் 2 சதவீதம் வரைதான் உப்பைத் திரட்டிச் சிறுநீரில் அனுப்ப முடியும். கடல்நீரோ மூன்றரை சதவீதம். ஒரு லிட்டர் குடித்தால், அந்த உப்பைக் கழுவி வெளியேற்ற ஒன்றரை லிட்டருக்கு மேல் தேவை. கூடுதல் நீர் நம் செல்களிலிருந்துதான் வர வேண்டும். உடம்பெல்லாம் மூன்றாவது குழாயாகிவிடும்.

அப்படியென்றால் அதே கடலில் மீன் மட்டும் எப்படிப் பிழைக்கிறது?

குடித்துக்கொண்டே இருக்கும் மீன்

பாறை, சீலா, கிழங்கான் போன்ற முள்மீன்களின் இரத்தத்தில் உள்ள அடர்வு கடல்நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நம் இரத்தத்தைவிடச் சற்றுதான் கூடுதல். ஆகவே கடல் மீனுக்கு வாழ்நாள் முழுக்க மூன்றாவது குழாயில்தான் வாசம். மெல்லிய செவுள் வழியாக அதன் உடம்புநீர் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே இருக்கும் மீனுக்கு வறட்சி என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அதன் தினப்பாடு அதுதான்.

1930-இல் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் கடல்நீரில் சாயம் கலந்து அதில் மீன்களை விட்டார். பிறகு பார்த்தால் மீன்களின் குடலில் சாயம் அடர்ந்து சேர்ந்திருந்தது. மீன்கள் கடல்நீரைக் குடிக்கின்றன, நீரை உடம்புக்குள் எடுத்துக்கொண்டு சாயத்தைக் குடலிலேயே விட்டுவிடுகின்றன என்று அவருக்குப் புரிந்தது. நீரோடு உப்பும் உள்ளே வருமே, அது எங்கே போகிறது? சிறுநீர் கொஞ்சம்தான், அதில் அவ்வளவு உப்பு இல்லை. இரண்டே ஆண்டுகளில் கீஸ், வில்மர் என்ற இருவர் விலாங்கு மீனின் செவுளில் உப்பை வெளியே தள்ளும் தனிச் செல்களைக் கண்டார்கள். இவற்றை உப்பிறைக்கும் செல்கள் எனலாம். அந்தக் கீஸ்தான் பிற்காலத்தில் உணவுக் கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஆன்செல் கீஸ்.

அப்பத்தா முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்த அந்தச் சிவந்த செவுள்தான் மீனை ஊறவிடாமல் காத்த உறுப்பு. மூச்சு வாங்கியதும் அதுதான். இரவும் பகலும் உப்பிறைத்ததும் அதுதான்.

கண்மாய்க் கெண்டையின் பாடு

கோடையில் கண்மாய் வற்றும்போது புதுக்கோட்டைக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவோடு சேற்றில் இறங்கும். அந்த ஊத்தாவுக்குள் துள்ளும் கெண்டைக்கும் விராலுக்கும் வாழ்க்கை நேர்மாறு. கண்மாய் நீரைவிட அவற்றின் இரத்தம் பலமடங்கு அடர்வு. எனவே அவை இருப்பது இரண்டாவது குழாயில். நீர் செவுள் வழியே உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். கண்மாய் மீன் தண்ணீரை அநேகமாகக் குடிப்பதில்லை. புகுந்த நீரை வெளுத்த சிறுநீராக இறைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட அப்படி வெளியேறலாம். அதோடு கரைந்துபோகும் உப்பைச் செவுள் திரும்ப நீரிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வேலையும் தெரிந்த மீன்களும் உண்டு. கொடுவா முகத்துவாரம் தாண்டி ஆற்றுக்குள்ளும் வரும். விலாங்கு ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகிறது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் அதைப் பழிக்கிறோம். நீர் மாறும்போது அதன் செவுள் உப்பை உள்ளே இழுக்கும் வேலையை விட்டு வெளியே தள்ளும் வேலைக்கு மாற வேண்டும். குடிக்காத வாய் குடிக்கப் பழக வேண்டும். விலாங்கு மெச்சப்பட வேண்டியது இந்தத் திறமைக்குத்தான்.

நண்டும் இறாலும் ஏன் இனிக்கின்றன?

நீல நண்டு வேறு வழி பிடித்தது. கடலோடு மல்லுக்கட்டாமல், தன் இரத்தத்தின் அடர்வைக் கடல்நீர் அளவுக்கே வைத்துக்கொண்டது. உடம்புக்கு வெளியே நீர் கசியும் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் செல்லுக்குள்ளே? அங்கே அத்தனை உப்பை வைத்தால் புரதங்கள் கெடும். வைக்காவிட்டால் செல் சுருங்கும்.

இங்கேதான் தலையை எண்ணும் கணக்கு கைகொடுக்கிறது. எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் உப்பாகவே இருக்க வேண்டியதில்லையே! நண்டின் செல் தன்னுள்ளே கிளைசின், அலனின், புரோலின் போன்ற சிறிய அமினோ அமிலங்களை நிரப்பிக்கொள்கிறது. இவை புரதத்துக்குத் தீங்கு செய்வதில்லை. இவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு: மூன்றும் நாக்குக்கு இனிக்கும். நண்டுக் காலை உடைத்து உறிஞ்சும்போது நீங்கள் ருசிப்பது, அந்தச் செல் கடலுக்கு எதிராகத் தன் நீரைக் காக்கச் சேர்த்துவைத்த சேமிப்பு. இறாலின் இனிப்பும் இதுவே. மணமேல்குடி, மீமிசல் பக்கம் பண்ணைகளில் வன்னாமி இறால் வளர்ப்பவர்கள் குளத்து நீரின் உப்பை அடிக்கடி அளக்கிறார்கள். லிட்டருக்கு 25 கிராம் வாக்கில் உப்பிருந்தால் வன்னாமியின் இரத்தமும் குளமும் சமநிலையில் இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது மடமடவென்று இறங்கும்போது இறால் திணறும். உப்புக் கூடிய நீரில் வளர்ந்த இறாலில் அந்த அமினோ அமிலங்களும் கூடும், ருசியும் கூடும்.

சுறா தேர்ந்தெடுத்தது யூரியா. நாம் கழிவென்று வெளியேற்றுவதை அது இரத்தத்தில் சேர்த்துவைத்துக் கடலோடு சமன் செய்துகொள்கிறது. செத்த பிறகு நுண்ணுயிரிகள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். பிள்ளைபெற்ற பெண்ணுக்குப் புட்டு செய்யப் பால்சுறா வாங்குகிறவர்கள் மோந்து பார்த்தே வாங்குவதற்கு அதுதான் காரணம்.

இறைத்துக்கொண்டே இருக்கும் ஏற்றம்

இதுவரை உடம்பின் கதை. ஒவ்வொரு தனிச் செல்லும் தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. சவ்வு உப்பை எளிதில் விடாது என்றேன். அறவே விடாது என்று சொல்லவில்லை. சோடியம் சிறுகச் சிறுக உள்ளே கசியும். அது சேர்ந்தால் பின்னாலேயே நீரும் வந்து செல் வெடிக்கும். இதைத் தடுக்கச் சவ்வில் ஓர் ஏற்றம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கும். இதற்குச் சோடியம் ஏற்றம் என்று பெயர் வைப்போம். 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதைக் கண்டுபிடித்தது ஒரு நண்டின் கால் நரம்பில். அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல் நோபல் பரிசு வந்தது.

மீன் சதை உப்புக் கரிக்காததற்கு மீதிக் காரணம் இங்கே இருக்கிறது. சதை என்பது பெரும்பாலும் செல்லின் உட்பகுதி. அங்கே சோடியம் மிகக் குறைவு, இருப்பது பொட்டாசியம். செவுள் இரத்தத்தின் உப்பைக் கட்டுப்படுத்த, ஏற்றம் செல்லுக்குள்ளும் ஏறாமல் பார்த்துக்கொண்டது.

ஏற்றம் இறைக்க ஆள் வேண்டும். செல்லின் ஏற்றத்துக்குச் சக்தி வேண்டும். உயிர் போனதும் அது நின்றுவிடுகிறது.

ஒரு ராத்திரித் தொட்டி

ஜெகதாப்பட்டினத்தில் கருவாடு போடும் இடத்தில் ஒருமுறை சாயங்காலம் நின்றேன். வயிறு கீறிக் குடல் நீக்கிய பாறை மீனை இரண்டாகப் பிளந்து, சதையில் கீறல் போட்டு, கல்லுப்பை அழுத்தித் தேய்த்து, சிமெண்டுத் தொட்டியில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். மீன்கள் உப்புநீரில் மூழ்கிக் கிடந்தன. கையை விட்டால் மணிக்கட்டு வரை நனைந்தது.

"இம்புட்டுத் தண்ணி எங்கேருந்துக்கா வந்துச்சு?" என்று அடுக்கிய அக்காவிடம் கேட்டேன்.

"மீனு விட்ட தண்ணிதான் தம்பி. உப்பு இழுத்துருச்சு."

கோடிக்கணக்கான செல்களிலிருந்து வந்த நீர் அது. முதலில் நீர் வெளியேறியது. ஏற்றம் நின்று, சவ்வும் நைந்துபோன பிறகு, தடுக்க ஒன்றும் இல்லாமல் உப்பு உள்ளே ஏறியது. சதையில் ஒட்டியிருந்த நுண்ணுயிரிகளின் உள்நீரையும் அதே உப்பு உறிஞ்சியதால் அவற்றால் பெருக முடியவில்லை, மீனும் அழுகவில்லை. பிறகு வெயிலில் நாலைந்து நாள்.

அப்பத்தா கருவாட்டை உலையில் போடுவதற்கு முன்னால் அரிசி கழுவிய நீரில் அரைமணி நேரம் ஊறவைக்கும். அந்த நீரை நான் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறேன், கடல்போல் கரிக்கும். வறண்டு கட்டையாகக் கிடந்த துண்டு நீர் வாங்கிச் சற்றே பருத்திருக்கும். அதைப் பிழிந்து கத்தரிக்காயோடு சட்டியில் போட்டுக் கொதிக்கவிட்டுவிட்டு, உப்பு ஜாடியைத் தொடாமலேயே மூடியை மூடும்.